கேனில் வடியும் நெய்

‘உங்கள் வண்டியின் நிறத்துக்கு அப்படியே பொருந்தும்’ என்று பெயின்ட் ஸ்ப்ரே கேன் மேல் அச்சடித்து விற்கிறார்களே, அதை எழுதிய புண்ணியவான் ஒரு தடவையாவது அந்தக் கேனைக் குலுக்கிப் பார்த்திருப்பாரா? கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடிகிறது என்பார்கள். இங்கே கேனிலேயே வடிகிறது.

முதல் கோபம் வண்டி செய்கிறவர்கள் மேல்தான். ஒரே வண்டி, ஒரே சைடு மிரர், ஒரே கைப்பிடி. விலை கூடின மாடலில் அவை வண்டி நிறத்தில் பளபளக்கும். விலை குறைந்த மாடலில் சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்கை அப்படியே மாட்டி அனுப்பிவிடுவார்கள். சில கோடை வெயிலைப் பார்த்துவிட்டால் அந்தக் கறுப்பும் வெளுத்துச் சாம்பல் பூத்துவிடும். ‘இவன் காசு மிச்சம் பிடித்தவன்’ என்று ஊருக்கே தண்டோரா போடுகிற ஏற்பாடு. மிரர் மூடி என்பது கையளவு சமாசாரம். இதற்குப் போய் வண்டியை நாள் கணக்கில் பெயின்டரிடம் விடுவானேன், நாமே அடித்துவிடலாமே என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும். அந்த ஆசையை நம்பித்தான் கேன் வியாபாரமே ஓடுகிறது.

சரி, நிறத்துக்கு வருவோம். கதவுச் சட்டத்திலோ பானெட்டுக்கு அடியிலோ ஸ்டிக்கரில் பெயின்ட் கோடு, அதாவது நிறத்துக்கான குறியீடு இருக்கும், அதைச் சொன்னால் போதும் என்கிறார்கள். போதாது ஐயா! ஒரே கோடுக்குப் பெயின்ட் கம்பெனிகளின் ஃபார்முலாப் பட்டியலில் பல வேரியன்ட்கள் இருக்கும். ஒன்றில் நீலம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், இன்னொன்றில் மஞ்சள், வேறொன்றில் மினுக்குத் துகள் பெரிசு. தொழிற்சாலை மாறினாலோ பெயின்ட் பேட்ச் மாறினாலோ நிறமும் ஒரு இழை மாறுகிறது. அதனால்தான் அந்தப் பட்டியலே வந்தது. விவரம் தெரிந்த பெயின்டர் வேரியன்ட் அட்டைகளை வண்டி மேலேயே வைத்து, வெயிலில் ஒரு தரம், நிழலில் ஒரு தரம் பார்த்துத்தான் கலக்குவார். கேன் விற்கிறவரிடம் ‘இது எந்த வேரியன்ட்?’ என்று கேட்டுப் பாருங்கள். முழிக்கிற முழியிலேயே பதில் கிடைத்துவிடும். போதாக்குறைக்கு, கேன் வைத்திருப்பது வண்டி பிறந்த அன்றைய நிறம். என் வண்டி வருடக் கணக்கில் வெயில் குடித்து நிற்கிறது. அந்தக் கணக்கு எந்த ஃபார்முலாவில் இருக்கிறது?

இதில் பெரிய வேடிக்கை, வண்டி செய்த கம்பெனிக்கே இது முழுசாகக் கைகூடுவதில்லை என்பதுதான். இரும்பு பாடிக்கு அடித்த பெயின்டை 140 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடேற்றி இறுக்குவது வழக்கம். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் பம்பர் கோணிக்கொள்ளும். அதனால் பம்பரைப் பெரும்பாலும் தனியாக, வேறு வகைப் பெயின்டில் அடித்து, 80 டிகிரி வாக்கில் காய வைக்கிறார்கள். புது வண்டி ஒன்றைச் சாய்ந்த வெயிலில் நிறுத்தி, பம்பரும் ஃபென்டரும், அதாவது முன்சக்கரத்துக்கு மேலே வருகிற தகடும் சேருகிற கோட்டைப் பாருங்கள். பல வண்டிகளில் இரண்டும் இரண்டு சாயலாகத் தெரியும். ரோபோ வைத்து அடிக்கிற இடத்திலேயே இந்தக் கதி. வீட்டு வாசலில் ஒரு விரலால் அமுக்கி அடித்தால் அப்படியே பொருந்துமாம்!

அதுவும் மெட்டாலிக் நிறமாக இருந்துவிட்டால் தொலைந்தோம். அந்தப் பெயின்டுக்குள் இருப்பது அலுமினியத் துகள். அது எப்படிப் படுக்கிறது என்பதில்தான் நிறமே இருக்கிறது. ஈரமாக அடித்தால் துகள் உள்ளே புதைந்து நிறம் கறுக்கும். தள்ளி நின்று உலர்வாகத் தூவினால் மேலாகப் படிந்து வெளுக்கும். ஒரு சாண் தூரம் கூடக் குறைய ஆனாலே நிறம் வேறு. இத்தனைக்கும் கேன் ஒரே சீராகவும் பீய்ச்சாது. அடிக்க அடிக்கக் குளிர்ந்து அழுத்தம் குறையும், ஆக ஆரம்பத்தில் வருகிற பெயின்டும் கடைசியில் வருகிற பெயின்டும் ஒரே மாதிரி விழாது.

நானும் கேன் வாங்கி அடித்தவன்தான். என் மிரர் மூடியை நேருக்கு நேர் நின்று பார்த்தால் கதவும் அதுவும் ஒரே வெள்ளி. சபாஷ். இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தால் கதவு வெள்ளியாகவே இருக்கும், மூடி மட்டும் ஈயச் சாம்பலாக இருட்டிக்கொள்ளும். மேகம் மூடினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். வெயில் அடித்தால் பிரிந்துவிடும். பெயின்ட் கடைகளில் நிறம் அளக்கிற கருவி பல கோணங்களில் அளக்கிறதே, அது சும்மாவா? முத்து மாதிரி மினுங்குகிற பேர்ல் வெள்ளை வண்டி வைத்திருப்பவர்களுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். அடியில் ஒரு வெள்ளை, நடுவில் பேர்ல், மேலே கிளியர் என்கிற நிறமில்லாத பளபளப்புப் பூச்சு என்று மூன்று அடுக்கு. நடு அடுக்கு ஒரு கோட் கூடினால் நிறமே மாறிவிடும்.

அடுத்தது இந்த வீடியோ சிகாமணிகள். ‘உப்புத்தாள் போட்டுத் தேய், பிரைமர் அடி, பெயின்ட் அடி, முடிந்தது’ என்று நாலு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். பிளாஸ்டிக் என்ன பிளாஸ்டிக் என்று யாரும் வாய் திறப்பதில்லை. பாகத்தைக் கழற்றித் திருப்பினால் பின்பக்கத்தில் சின்னதாக ‘ஏபிஎஸ்’ என்றோ ‘பிபி’ என்றோ ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்கும். ஏபிஎஸ் என்றால் பிழைத்தீர்கள், பெயின்ட் நன்றாகப் பிடிக்கும். பிபி, அதாவது பாலிபுரோப்பிலீன், பம்பர்களில் பெரும்பாலும் அதன் கலவைதான். அதன் மேல் சாதாரணப் பிரைமர் ஒட்டவே ஒட்டாது. முதலில் அடிஷன் புரோமோட்டர் என்று தண்ணீர் மாதிரி ஒரு சரக்கை மெல்லிசாக அடித்து, அது முழுசாகக் காய்ந்து போவதற்குள் அடுத்த கோட்டை ஏற்ற வேண்டும். அதை விட்டால் முதல் வாரம் ஜம்மென்று இருக்கும். அப்புறம் மாஸ்கிங் டேப்பை ஒட்டி உரித்தால் டேப்போடு பெயின்டும் முழு ஏடாக வந்துவிடும், அடியில் பழைய கறுப்பு துடைத்து வைத்ததாகச் சிரிக்கும். இந்த உரிகிற காட்சி எந்த வீடியோவில் வருகிறது? அடித்த அன்றைக்கே லைக் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்களே! சொரசொரப்பைத் தேய்த்து மழமழப்பாக்குவதும் அப்படித்தான். பிபியைத் தேய்த்தால் பஞ்சு பஞ்சாக நார் எழும்பும். வீடியோவில் அந்த இடத்தில் பாட்டு வரும்.

கிளியர் கோட் விஷயத்தில் நடப்பது வெறும் ஏமாற்று இல்லை, ஆபத்து. ஹார்டனர் என்கிற இறுக வைக்கும் சரக்கு இல்லாத கிளியர் பெட்ரோல் பட்டாலே பிசுபிசுத்துவிடும். டேங்க் மூடிப் பக்கம் அடித்தவர்களுக்குத் தெரியும். தாங்க வேண்டுமானால் ஹார்டனர் கலந்த ‘2கே’ வகைக் கிளியர்தான். அதில் ஐசோசயனேட் என்கிற ரசாயனம் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமாவே வந்து சேரலாம், ஒரு தரம் உடம்புக்கு ஒவ்வாமல் போனால் அப்புறம் கொஞ்சம் பட்டாலும் நெஞ்சு இறுகும். பெயின்ட் பூத்தில் வேலை செய்கிறவர்கள் வெளிக்காற்று குழாய் வழியாக வருகிற முகமூடி போட்டுக்கொண்டு அடிக்கிற சரக்கு அது. இங்கே ஒரு சிகாமணி கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு மூடின ஷெட்டுக்குள் நின்று அடித்துக் காட்டுகிறார். கேனில் எச்சரிக்கை இருக்கிறது, இல்லாமல் இல்லை. பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய அளவில் இருக்கிறது. ‘அப்படியே பொருந்தும்’ மட்டும் கட்டை விரல் பருமனில்.

தூசி, கொசு, வழிசல், டேஷ்போர்டு பாலிஷ் சிலிகான் பட்டதால் பெயின்ட் விலகி விழுகிற மீன்கண் பள்ளங்கள், இதையெல்லாம் எழுதினால் விடிந்துவிடும். விட்டுவிடுகிறேன்.

விட முடியாதது ஒன்று. தொழில் தெரிந்த பெயின்டர்களே மெட்டாலிக்கில் நிறம் அச்சாகப் பொருந்தும் என்று நம்பி உட்கார்ந்திருப்பதில்லை. பம்பர் அடித்தால் பக்கத்து ஃபென்டரிலும் பேஸ் கோட்டை, அதாவது நிறப் பூச்சைக் கொஞ்சம் ஏற்றி, போகப் போக மங்கலாக்கிக் கரைத்து, முழு ஃபென்டருக்கும் கிளியர் அடிக்கிறார்கள். எங்கே ஒரு நிறம் முடிந்து அடுத்தது ஆரம்பிக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. பொருந்தின மாதிரி தெரிவதில் பாதி வேலை இந்தக் கரைப்புதான். தனியாகக் கழற்றி அடித்து மாட்டுகிற மூடியில் எங்கே போய்க் கரைப்பது? அனுபவசாலி செய்ய முடியாததைக் கேன் செய்யும் என்று வாய் கூசாமல் எழுதி விற்கிறார்கள்.

இதற்கு மேல் ‘கலர் லேசா மாறுதே, கவனிச்சீங்களா?’ என்று வண்டியைச் சுற்றி வந்து சொல்கிற நண்பர்கள் வேறு. கவனித்தேன் சாமி. தினமும் கவனிக்கிறேன்.

கேன்காரர்களே, எந்த வேரியன்ட் என்று மேலே அச்சடியுங்கள். அடித்துப் பார்க்க ஒரு அட்டையைக் கூட வையுங்கள். பிபிக்கு முதலில் என்ன அடிக்க வேண்டும், 2கேவுக்கு என்ன முகமூடி வேண்டும் என்பதைக் கண்ணாடி போடாமல் படிக்கிற அளவில் போடுங்கள். இடம் இல்லையென்று மட்டும் சொல்லாதீர்கள். பளபளக்கிற அந்தக் கார் படத்தை எடுத்தாலே தாராளமாக இடம் இருக்கிறது.