சாவு வீட்டு நாவல்களை ஏன் படிக்கிறேன்

"எப்பப் பார்த்தாலும் சாவு வீட்டுக் கதையாகவே படிக்கிறாயே, மனசு கெட்டுப் போகாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மையில், அழ வைப்பதற்கென்றே எழுதிய நாவல்கள் எனக்கு ஆகவே ஆகாது. அத்தியாயத்துக்கு ஒரு தடவை கண்ணீர், கடைசியில் எல்லோரும் கட்டிப்பிடித்துத் தேறிவிடுவார்கள். பாதியிலேயே மூடி வைத்துவிடுவேன். ஒரே வீட்டில் விழுந்த ஒரே சாவு ஆளுக்கு ஒரு மாதிரி எப்படித் தாக்குகிறது என்று காட்டுகிற நாவலைத்தான் தேடுகிறேன்.

ஜேம்ஸ் ஏஜியின் 'எ டெத் இன் த ஃபேமிலி' அப்படிப்பட்டது. ஏஜிக்கு ஆறு வயதாக இருந்தபோது, 1916இல், அமெரிக்காவின் நாக்ஸ்வில் அருகே அவர் அப்பா கார் விபத்தில் இறந்தார். அதை வைத்து எழுதிய நாவலை முடிக்காமலே 1955இல் ஏஜியும் போய்விட்டார். 1957இல் வெளிவந்த புத்தகத்துக்கு மறுவருடம் புலிட்சர் பரிசு.

கதையில், ஸ்டியரிங்கைச் சேர்ந்த ஒரு சின்னப் பின் கழன்றுகொள்கிறது. தாடையில் ஓர் அடி, ஆள் போய்விட்டார். (இவ்வளவு அற்பமான காரணமா என்று படிக்கிற நமக்கே ஆத்திரம் வரும்.) மனைவி மேரி கடவுளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறாள். அவளுடைய சகோதரன் ஆண்ட்ரூவுக்கோ பாதிரியார்மேல் கொலைவெறி. இறந்தவர் ஞானஸ்நானம் பெறாதவர் என்று சொல்லி அடக்க ஜெபத்தை முழுதாகச் சொல்ல மறுத்தவராயிற்றே. மாமா பொருமுவதைக் கேட்கிற சிறுவன் ரூஃபஸுக்கு, இவருக்கு அம்மாவைப் பிடிக்குமா பிடிக்காதா என்றே புரிவதில்லை.

ரூஃபஸ்தான் என்னை அசைத்தவன். முந்தின நாள் வாங்கிய புதுத் தொப்பியை அப்பாவிடம் காட்டக் காலையில் ஓடி வருகிறான். அப்பா இல்லை. விஷயத்தைச் சொல்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தெருவில் இறங்கி, தினமும் தன்னைக் கேலி செய்கிற பெரிய பையன்களிடம் அப்பா செத்துப்போனதைச் சொல்கிறான், பெருமையாகவே! அவர்களும் அவனை ஓர் ஆளாக மதித்துக் கேட்கிறார்கள். நம் ஊர்ச் சாவு வீட்டில் இப்படி ஒரு பிள்ளை நின்றால், "அப்பன் செத்துக் கிடக்கான், இதுக்கு ஒண்ணும் உறைக்கலை பாரு" என்பார்கள். உறைக்காமல் என்ன? அந்த வயதுக்குத் தெரிந்த வழியில் உறைக்கிறது.

மேகி ஓஃபாரலின் 'ஹாம்னெட்' (2020) நாவலையும் சொல்ல வேண்டும். ஷேக்ஸ்பியரின் மகன் ஹாம்னெட் 1596இல் பதினோரு வயதில் இறந்தான். காரணம் பதிவாகவில்லை, நாவல் பிளேக் என்று வைத்துக்கொள்கிறது. மகனைப் புதைத்த கையோடு கணவன் லண்டனுக்கு, நாடகத்துக்குத் திரும்பிப் போவதை அவன் மனைவியால் தாங்க முடியவில்லை. அந்தக் கோபம் பிரமாதமாக வந்திருக்கிறது. முடிவில் நாடக அரங்கில் எல்லாம் கச்சிதமாகக் கூடி வருவதுதான் எனக்குக் கொஞ்சம் ஓவர். ஏஜி அப்படி எதையும் கூட்டி வைக்கவில்லை.

ஒரு வேண்டுகோள். இப்போதுதான் யாரையாவது பறிகொடுத்தவர்களுக்கு இந்தப் புத்தகங்களை வாங்கிக்கொண்டு போய் நீட்டாதீர்கள். சாப்பாடு கொண்டுபோங்கள், பேங்க்குக்கும் தாலுகா ஆபீசுக்கும் கூட அலையுங்கள். புத்தகமெல்லாம் அப்புறம், அவர்களாகக் கேட்டால்.