மானியம் புது மெஷினுக்கு மட்டும்தானா?

திருப்பூரில் சின்ன யூனிட்காரர்களுக்கு வங்கிக் கடனுக்கான ப்ராஜெக்ட் ரிப்போர்ட் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. கழிவைத் தூக்கிப் போடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிற சுழற்சிப் பொருளாதாரம் என்று டிவியில் யாராவது பேசிவிட்டால் போதும், மறுநாள் "அதுக்கு என்னமோ மானியம் இருக்குதாமே தம்பி" என்று யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இருக்கிறது, யார் இல்லை என்றது? அது யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதில்தான் எனக்கு வருத்தம்.

ஒன்றிய அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகம் 2023 டிசம்பரில் ஸ்பைஸ் என்றொரு திட்டத்தைத் தொடங்கியது. சிறுதொழில்களைத் தூக்கிவிட உலக வங்கி உதவியோடு நடக்கும் ராம்ப் என்ற பெரிய திட்டத்தின் ஒரு கிளை இது. 2026-27 வரைக்கும் 472.5 கோடி ரூபாய் ஒதுக்கீடு. கடன் வாங்கி மறுசுழற்சிக்கு மெஷின் போட்டால் அதன் விலையில் 25 சதவீதம், அதிகபட்சம் 12.5 லட்சம் மானியம், சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பி வழியாக. நல்ல விஷயம், குறை சொல்லவில்லை. எந்தெந்தக் கழிவுக்கு என்று பார்த்தால் பிளாஸ்டிக், ரப்பர், எலக்ட்ரானிக் கழிவு, அவ்வளவுதான். துணியைக் காணோம். பனியன் ஊரில் உட்கார்ந்து அதைப் படிக்கும்போது சிரிப்புதான் வந்தது.

சுழற்சி என்று யாரும் பெயர் வைப்பதற்கு முன்பே இங்கே அது நடந்துகொண்டிருக்கிறது. பனியன் கம்பெனியின் கட்டிங் டேபிளில் விழும் துண்டுகள் மூட்டையாகக் கட்டி குடோனுக்கு வரும். அங்கே அக்காமார்கள் குவியலைச் சுற்றி உட்கார்ந்து கையாலேயே பிரிப்பார்கள். வெள்ளை தனி, அதற்குத்தான் நல்ல விலை. கறுப்பு தனி, நேவி தனி, சிவப்பு தனி. பாலியஸ்டர் கலந்த துணியைத் தொட்டுப் பார்த்தே ஒதுக்கிவிடுவார்கள். லைக்ரா இருக்கிறதா என்று இரண்டு கையாலும் ஓர் இழுப்பு இழுத்துப் பார்ப்பார்கள், ஏனென்றால் லைக்ரா துணி கிழிக்கிற மெஷினில் போனால் ரோலரில் சுற்றிக்கொள்ளும். லேபிளும் எலாஸ்டிக்கும் வேறு பிய்த்து எடுக்க வேண்டும். இப்படிப் பிரித்த சரக்கைக் கிழித்துப் பஞ்சாக்கி, வெள்ளகோவில், உடுமலை பக்கமுள்ள ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்களில் நூலாக்குகிறார்கள். நிறவாரியாகப் பிரித்த துணியிலிருந்து கலர் நூலே நேராக வந்துவிடுகிறது. அதற்கு மறுபடி சாயம் போட வேண்டாம், அந்தத் தண்ணீரும் மிச்சம், சாயத்தோடு போடுகிற உப்பும் மிச்சம். பெட்ஷீட், மிதியடி, கிச்சன் டவல் என்று அது இன்னொரு சுற்றுப் போகிறது.

ஸ்பைஸில் துணி இல்லாவிட்டாலும் மாநிலத்தின் மூலதன மானியம் போல வேறு மானியம் இருக்கிறது. இந்தச் சங்கிலியில் அது எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். கிழிக்கிற மெஷினிலும் நூற்கிற மெஷினிலும் நிற்கிறது. பிரிக்கிற குடோனுக்கு வராது. அங்கே கொட்டேஷன் வாங்கிக் காட்ட ஒன்றுமே இல்லை. தராசு, பேல் கட்டுகிற பிரஸ், ட்யூப்லைட், நாலு ஃபேன். செலவெல்லாம் கூலியும் வாடகையும், சரக்கு வாங்க ரொக்கமும்தான். கட்டிங் துண்டுகளுக்குக் கம்பெனிக்குக் காசு கையோடு கொடுக்க வேண்டும், மில்லிலிருந்து பணம் வர மாதக்கணக்கில் ஆகும். இந்த இடைவெளிக்கென்று ஒரு மானியத் திட்டத்தை நான் பார்த்ததில்லை. வங்கிக்குப் போனால் முதல் கேள்வியே "சொத்து என்ன ஈடு வைக்கிறீங்க?"

சரி, மெஷின் வாங்குகிறவருக்காவது சுலபமா? ஓ.இ. மில்காரர்கள் பல பேர் செகண்ட் ஹேண்ட் மெஷினில்தான் தொழிலை ஆரம்பிக்கிறார்கள். ஆனால் நான் ரிப்போர்ட் போட்ட மானியத் திட்டங்களில் பெரும்பாலானவை புது மெஷினுக்குத்தான். பழைய துணியைத் திரும்பப் பயன்படுத்து, அது புண்ணியம். பழைய மெஷினைத் திரும்பப் பயன்படுத்தினால் தகுதி இல்லை! இந்த விதியைப் போட்டவர்களின் நியாயமும் எனக்குத் தெரியும். மாமன் மச்சானுக்குள்ளேயே பழைய மெஷினை இரண்டு மடங்கு விலைக்கு பில் போட்டு மானியத்தை அமுக்கிவிடுவார்கள் என்ற பயம். அந்த பயத்துக்கு ஊரில் ஆதாரமும் உண்டு, மறைப்பானேன். ஆனால் வெளிநாட்டுப் பழைய மெஷின் இறக்குமதிக்கு சார்ட்டர்ட் இன்ஜினியர் வந்து பார்த்து, இன்னும் எத்தனை வருடம் ஓடும், என்ன விலை பெறும் என்று சான்று கொடுக்கிற வழக்கம் ஏற்கெனவே இருக்கிறதே. அதே சான்றை இங்கேயும் கேட்டு, மதிப்புக்கு ஓர் உச்சவரம்பு வைத்துவிட்டால் போயிற்று.

இன்னொன்று, கணக்கு தெரியாதவர்களுக்காக. மானியம் என்றால் கையில் காசு வரும் என்று நினைக்கிறார்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தை (PMEGP) எடுத்துக்கொள்ளுங்கள். மானியத் தொகை மூன்று வருடம் வங்கியில் டெபாசிட்டாகக் கிடக்கும், அந்தப் பங்குக்கு வட்டி போட மாட்டார்கள், யூனிட் ஓடுகிறது என்று உறுதியான பிறகுதான் கடனில் கழிப்பார்கள். ஓடாத யூனிட்டுக்குப் பணம் போகக்கூடாது என்பது சரிதான். ஆனால் முதல் வருடத்தில் மூச்சுத் திணறுகிறவருக்கு அந்தப் பணம் உதவிக்கு வராது.

மூச்சுத் திணறுவது பெரும்பாலும் கரண்ட் பில்லில். 2022 செப்டம்பர் கட்டண உயர்வுக்கு அப்புறம் நிலைக்கட்டணமும், கரண்ட் தேவை அதிகமான நேரத்துக்குக் கூடுதலாகப் போடும் பீக் ஹவர் கட்டணமும் சேர்ந்து சின்ன மில்களைப் பிழிந்தது. 2023 செப்டம்பர் 25 அன்று தமிழ்நாடு முழுக்கச் சிறுதொழில்காரர்கள் கதவடைத்தது அதற்காகத்தான். மறுசுழற்சி நூலின் லாபமே கிலோவுக்குச் சில ரூபாய். மெஷினுக்கு மானியம் கொடுத்துவிட்டு, அந்த மெஷின் ஓடுகிற கரண்ட் பில்லில் பிடுங்கிக்கொண்டால் எப்படி?

"தொழில் பண்றவன் சொந்தக் காசுல பண்ணட்டும், வரிப்பணம் எதுக்கு?" என்று கேட்கிற நண்பர்களுக்கு நம்ம ஊர்க் கதையையே சொல்கிறேன். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நொய்யல் ஆறு கெட்டதும் ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கியதும் எல்லாருக்கும் தெரியும். அப்புறம் பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மாநில அரசு 200 கோடி வட்டியில்லாக் கடன் கொடுத்தது. இன்றைக்கு அந்த நிலையங்கள் தண்ணீரில் 90 சதவீதத்துக்கு மேல் சுத்தப்படுத்திப் பட்டறைக்கே திருப்பி அனுப்புகின்றன, உப்பையும் எடுக்கிறார்கள். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், பிரித்தெடுக்க முடியாமல் மிஞ்சுகிற கலவை உப்பு இன்னும் தலைவலிதான். ஆனால் தண்டிக்கிற கோர்ட்டும் தாங்குகிற அரசுப் பணமும் இரண்டும் இருந்ததால்தான் அது நகர்ந்தது. தனித்தனிப் பட்டறை ஒவ்வொன்றும் சொந்தக் காசில் அதைச் செய்திருக்கவே முடியாது.

துணிக்கழிவுக்கும் அப்படிப் பொதுவாக ஒன்று வேண்டும் என்பது என் கட்சி. ஆளுக்கு 12 லட்சம் என்று தனித்தனியாகப் பிரித்துக் கொடுப்பதைவிட, பத்து இருபது குடோன்காரர்கள் சேர்ந்து நடத்தும் பிரிப்பு மையத்துக்கு இடமும் முதல் இரண்டு வருடக் கூலியில் ஒரு பங்கும் கொடுக்கலாம். ஏற்றுமதிக்காரர்கள் இப்போது கேட்கிற, சரக்கு மறுசுழற்சி செய்ததுதான் என்று உறுதிசெய்யும் ஜி.ஆர்.எஸ். சான்றுக்கான ஆடிட் செலவையும் அதிலேயே சேர்க்கலாம். ஐரோப்பாக்காரன் துணி எங்கிருந்து வந்தது என்று கேட்க ஆரம்பித்துவிட்டான். அதற்குப் பதில் அந்த அக்காமார் பிரிக்கிற இடத்தில்தான் இருக்கிறது, அங்கே எடை போட்டு எழுதி வைக்க இன்றைக்கு ஒரு நோட்டுதான் உண்டு, கம்ப்யூட்டர் கிடையாது.

பிளாஸ்டிக், ரப்பர் வேலை செய்கிறவர்கள் ஸ்பைஸுக்குத் தாராளமாக விண்ணப்பியுங்கள். கொட்டேஷனும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியும் முதலில் கையில் இருக்கட்டும், அனுமதிக்குத்தான் நாள் பிடிக்கும். துணிக்காரர்கள் மாவட்டத் தொழில் மையத்தில் மாநிலத்தின் மூலதன மானியத்தைப் பற்றிக் கேளுங்கள். இந்த மாதம் சங்கக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் துணியையும் ஸ்பைஸில் சேர்க்கச் சொல்லி ஒரு தீர்மானம் போட்டு அனுப்புங்கள். வாசகத்தை நானே எழுதித் தருகிறேன், ஃபீஸ் வேண்டாம்.