எம்டன் என்பது கப்பலின் பெயர், தளபதியின் பெயரன்று
1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைத் தாக்கிய ஜெர்மன் தளபதியின் பெயர் எம்டன் என்றும், துணிச்சலான சூழ்ச்சிக்காரரை 'எம்டன்' என்பது அவரை வைத்துத்தான் என்றும் சொல்லப்படுவதுண்டு. தாக்குதலும் தேதியும் சரியே. பெயரில்தான் சிறு திருத்தம் தேவைப்படுகிறது.

துறைமுகத்தருகே பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு மறைந்த அந்தப் போர்க்கப்பலுக்குத்தான், வடமேற்கு ஜெர்மனியில் எம்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள எம்டன் என்னும் துறைமுக நகரின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. ஊர்ப்பெயர் கப்பலுக்குப் போய், கப்பலின் துணிச்சலால் நம் பேச்சுவழக்கில் ஆளுக்கு ஒட்டிக்கொண்டது. (அந்த ஊர்க்காரர்களுக்கு இது தெரியுமோ என்னவோ!) தளபதியின் பெயர் கார்ல் ஃபான் முல்லர்.

ஐயமிருப்பின் ஜெர்மனி வரைபடத்தில் நெதர்லாந்து எல்லையோரம் அந்நகரைத் தேடலாம். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே எம்டனை வீழ்த்திய கப்பல் ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' என்பதால், அந்நாட்டுத் தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் அம்மாத நாளிதழ்களில் கப்பலின் பெயரையும் தளபதியின் பெயரையும் தனித்தனியே காணலாம்.