மருந்துக்கு முன்னால் ஒரு படம் எடுத்தீர்களா?

பிறந்த குழந்தைக்குக் கூடப் பக்கவாதம் வருமா என்று கேட்பவர்கள்தான் அதிகம். வரும். ஆனால் வாய் கோணாது, பேச்சு குழறாது. பிறந்த சில நாளுக்குள் ஒரு பக்கத்துக் கையோ காலோ மட்டும் வெட்டி வெட்டி இழுக்கிற வலிப்பாகத்தான் பெரும்பாலும் வெளியே தெரியும். அதுவும் இல்லையென்றால், மாதங்கள் கழித்து, குழந்தை எதை எடுக்கவும் ஒரே கையை நீட்டுகிறதே என்று வீட்டில் யாராவது கவனித்தால்தான் உண்டு.

இதற்கு மருந்து தேடுபவர்கள் எலிக்குட்டியிடம் போகிறார்கள். 1981இல் ரைஸ், வன்னுச்சி குழுவினர் சொன்ன முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 7 நாள் குட்டியை மயக்கி, கழுத்தில் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியை ஒரு பக்கத்தில் கட்டிவிட்டு, அப்புறம் ஆக்சிஜன் 8 சதவீதமே உள்ள காற்றில் விடுவார்கள். (அசல் பக்கவாதத்துக்கு இன்னும் நெருக்கமாக வேண்டுமென்றால், மூளையின் நடுத் தமனியையே கொஞ்ச நேரம் அடைத்துத் திறக்கிற வழியும் உண்டு.)

என் சண்டை இங்கேதான் தொடங்குகிறது. ஒரே ஈற்றுக் குட்டிகள், கட்டியதும் ஒரே கை, ஆனாலும் ஒன்றுக்குப் பாதி மூளை போயிருக்கும், பக்கத்தில் கிடந்ததற்கு ஒன்றுமே ஆகியிருக்காது. தப்பித்த குட்டிகள் தற்செயலாக மருந்து பெற்ற கூட்டத்தில் கூடிவிட்டால் மருந்து வேலை செய்தது என்று எழுதிவிடலாமா? மருந்து கொடுப்பதற்கு முன்பே எம்.ஆர்.ஐ. எடுத்து, யாருக்கு எவ்வளவு அடி என்று பார்த்துப் பிரித்திருந்தால்தான் அந்த முடிவை நான் நம்புவேன்.

எந்த எம்.ஆர்.ஐ. என்பதும் முக்கியம். பிஞ்சு மூளையில் இயல்பாகவே நீர் அதிகம், அதனால் வழக்கமான படத்தில் புதுச் சேதம் அந்த வெண்மைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்று அளக்கும் டிஃப்யூஷன் படம் வேறு. ரத்தம் நின்றதும் செல்கள் வீங்கி நீரின் நகர்வு குறைய, அந்த இடம் சீக்கிரமே தனியாகத் தெரியும். 1990இல் மோஸ்லி குழுவினர் பூனைகளில் இதைக் காட்டினார்கள். ஆனால் இதிலும் ஒரு பொறி இருக்கிறது: சில நாளில் அந்த அளவு தானாகவே பழைய நிலைக்குத் திரும்பும், உள்ளே செல்கள் செத்துக்கொண்டிருக்கும்போதே. அந்த நாளில் எடுத்த ஒரே படத்தை வைத்துக்கொண்டு 'குணமாகிவிட்டது' என்றால் எப்படி? அதே குட்டியைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் ஒவ்வொரு நாளின் நிலையை அறியவும் தனித்தனிக் கூட்டத்தைக் கொன்று மூளையை வெட்டினார்கள், அந்த எண்ணிக்கையும் இதனால் குறைகிறது. பதினைந்து கிராம் உயிரை இதற்குப் பயன்படுத்துவதே எனக்கு உறுத்தல்தான். எடுத்தபின் பாதித் தகவலோடு வீணடிப்பது அதைவிட மோசம்.

உள்ளே பார்த்ததால் பலன் வந்ததும் உண்டு. 1990களில் லண்டனில், மூளைக்கு ரத்தமும் ஆக்சிஜனும் குறைக்கப்பட்ட பன்றிக்குட்டிகளின் மூளையை எம்.ஆர்.ஐ.க்கு அடிப்படையான அதே காந்த அதிர்வு முறையால் அளந்தபோது, செல்களின் ஆற்றல் ஒருமுறை மீண்டு, பல மணி நேரம் கழித்து மறுபடி சரிவது தெரிந்தது. அந்த இடைவெளிக்குள் உடலைக் குளிரூட்டி மூளையைக் காக்கலாம் என்ற எண்ணம் வலுத்தது. பிறப்பின்போது மூச்சுத்திணறிய குழந்தைகளை 6 மணி நேரத்துக்குள் குளிரூட்டத் தொடங்கி, 33.5 டிகிரி செல்சியஸ் வாக்கில் 72 மணி நேரம் வைப்பது இன்று நடைமுறை. பக்கவாதம் வந்த பிஞ்சுகளுக்கென்று அப்படி ஒன்று இன்னும் கைக்கு வரவில்லை. அதனால்தான் 'எலிக்குட்டியில் அபார வெற்றி' என்று செய்தி வந்தால் தலைப்பை விட்டுவிட்டு, முதல் ஸ்கேன் ஊசிக்கு முன்பா பின்பா என்று தேடுகிறேன்.