வார்டுக்கு வெளியே, குழாய்க்கு முன்னால்

சமீபத்தில் மூன்று நாவல்கள் அடுத்தடுத்துப் படித்தேன். மூன்றில் இமையத்தின் ‘செல்லாத பணம்’ படித்து முடித்த பிறகும் மனதை விட்டு இறங்கவில்லை.

2020ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல் என்பதால் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். தலைமையாசிரியர் நடேசனின் மகள் ரேவதி, இன்ஜினியரிங் படித்தவள். பர்மாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன், ஆட்டோ ஓட்டும் ரவியைப் பிடிவாதமாகக் கட்டிக்கொள்கிறாள். பிறகு உடம்பெல்லாம் தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். நாவலின் பெரும்பகுதி வார்டுக்கு வெளியே நடக்கிறது. அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பணம் இருக்கிறது, ஆனால் அதைக் கொடுத்து வாங்குவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

‘ஒரே அழுகை, சொன்னதையே சொல்கிறார்கள்’ என்று இந்த நாவலைக் குறை சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்த எவரையும் கேட்டுப் பாருங்கள். பார்க்க வரும் ஒவ்வொரு உறவுக்காரரிடமும் நடந்ததை முதலிலிருந்து சொல்லி அழுவார்கள். ‘அன்னைக்கே தடுத்திருந்தா’ என்று அதே இடத்தில் வந்து நிற்பார்கள். காத்திருக்கிறவர்களுக்கு வேறு பேச்சு ஏது? அந்த நேரத்தைச் சுருக்காமல் எழுதியதுதான் இமையத்தின் பலம்.

வடசென்னை வியாசர்பாடிக்காரனான எனக்கு இதில் இன்னொரு வலியும் உண்டு. 1964ல் பர்மாவில் நெ வின் அரசு கடைகளை நாட்டுடைமையாக்கிய பிறகு, சொத்தை விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தவர்கள் எங்கள் பக்கம் நிறைய. அத்தோ என்ற பர்மா நூடுல்ஸைத் தின்று அவர்கள் பிள்ளைகளோடு வளர்ந்தவன் நான். நாவலில் ரேவதி வீட்டார் கண்ணுக்கு ஆட்டோவும் பர்மாவும் சேர்ந்தே ரவியின் குறையாகிவிடுகின்றன. அந்த இளக்காரம் எனக்குப் புதிதல்ல. இமையம் அதை மூடி மறைக்கவில்லை, ரவிக்கும் வாய் கொடுக்கிறார். அண்ணி அருண்மொழியிடம் அவன் பேசும் பகுதியை அவன்மேல் கோபம் தீராமலேயே படித்தேன். அவன் செய்தது எதுவும் சரியாகிவிடவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவனை ‘பர்மாக்காரன்’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியவில்லை.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ வேறு உலகம். மெதான், பினாங்கு, யுத்தம், தொங்கான் என்ற பாய்க்கப்பலில் போகும்போது வரும் புயல்! அந்தப் புயல் பக்கங்களை உரக்கப் படித்தேன், அப்படி ஒரு மொழி. ஆனால் நாயகன் பாண்டியனை வியந்தேனே தவிர அவனோடு ஒட்டவில்லை. இன்னொரு முறை படிக்கவேண்டும்.

மூன்றாவது, அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. 1973ல் புத்தகமாக வந்தது. இதில் தண்ணீர் ஒரு குறியீடு என்று பலர் எழுதிவிட்டார்கள். சரி, இருக்கட்டும். 2019ல் புழல் ஏரி வறண்டபோது லாரி எப்போது வரும் என்று தெரியாமல் குடத்தை வரிசையில் போட்டு நின்ற எங்கள் தெருப் பெண்களுக்கு அது முதலில் தண்ணீர்தான். வேலைக்குப் போகமுடியாது, தூங்கமுடியாது, பக்கத்து வீட்டோடு சண்டை வரும். நாவலின் நாயகி ஜமுனாவின் வாழ்க்கைச் சிக்கல்களைக் குடத்திலிருந்தும் பம்பிலிருந்தும் பிரிக்காமல் எழுதியிருப்பது அதனால்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. துக்கப்படுகிறவளும் எழுந்து தண்ணீர் பிடிக்கவேண்டும்.

அதே நாவலில் வரும் டீச்சரம்மாவை நான் மறக்கமாட்டேன். சாக நினைத்த ஜமுனாவிடம் ‘தைரியமாக இரு’ என்று சொல்லிவிட்டுப் போகாமல், தன்னைவிட ரொம்ப மூத்த நோயாளிக்குக் கழுத்தை நீட்டிய தன் கதையைச் சொல்கிறார். இரக்கம் தேடாத பேச்சு அது. தமிழில் ஒரு பெண் இன்னொரு பெண்ணைத் தாங்கிப்பிடிக்கும் இடங்களில் இதற்கு இணையாக நான் படித்தது குறைவு. அசோகமித்திரன் எழுத்து வறட்சியானது என்று ஒதுக்கிவைத்திருக்கும் நண்பர்கள் அந்தப் பகுதிக்காகவாவது இதை எடுக்கவேண்டும். சின்னப் புத்தகம்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.