பாஸ்வேர்ட் மேல பழி போடாதீங்க, எரர் லாக்கைத் திறங்க!

"அண்ணே, பாஸ்வேர்ட் எடுக்க மாட்டேங்குது"ன்னு வாட்ஸாப் குழுவுல ஒரு வரி விழுந்தா போதும். ஆஃபீஸ் தளத்தைத் திறந்தா அப்பாச்சிங்கிற வெப் சர்வர் ஒரு பெட்டியைக் காட்டி பேரும் பாஸ்வேர்டும் கேட்குமே, அந்தப் பூட்டைத்தான் சொல்றேன். சிங்கப்பூர்ல உபியில இருக்கிற வெண்டரோ, தேக்காவுக்குச் சாப்பிடப் போன ஐடி தம்பியோ, யாராவது ஒருத்தர் "இருங்க லா, ரீசெட் பண்ணிடறேன்"னு சர்வருக்குள்ள குதிச்சிடுவார். எதை ரீசெட் பண்றீங்க சாமி? பாஸ்வேர்ட்தான் கோளாறுன்னு உங்களுக்கு யார் சொன்னது?

குதிச்சவர் செய்யற முதல் காரியம் இன்னும் மோசம். இணையத்துல கிடைச்ச எச்டிபாஸ்வேர்ட் (htpasswd) கட்டளையை, அதாவது இந்தப் பூட்டோட பேர்-பாஸ்வேர்ட் கோப்பை எழுதற கட்டளையை, மைனஸ் சி-யோட (-c) அப்படியே ஒட்டறது. அந்த சி புதுக் கோப்பு உருவாக்கறதுக்கு! ஏற்கெனவே கோப்பு இருந்தா அதை அழிச்சிட்டு, இந்த ஒரு ஆளை மட்டும் எழுதி வைக்கும். "நிச்சயமா?"ன்னு ஒரு வார்த்தை கேட்காது. ஒருத்தர் நுழைய முடியாம இருந்தது போய், கணக்குப் பிரிவு மொத்தமும் வாசல்ல நிக்கும். இருக்கிற கோப்புல ஆளைச் சேர்க்கவோ மாத்தவோ சி வேண்டவே வேண்டாம். பெரிய பி (-B) போடுங்க, பிகிரிப்ட் ஹாஷ் கிடைக்கும், அதாவது பாஸ்வேர்ட் அப்படியே தெரியாம உருமாத்தி எழுதப்படும்.

சின்ன பி (-b) வேற சங்கதி. அது பாஸ்வேர்டைக் கட்டளை வரியிலேயே எழுதச் சொல்றது. இரட்டை மேற்கோளுக்குள்ள ரெண்டு டாலர் குறி அடுத்தடுத்து வந்தா, ஷெல் (நீங்க தட்டற கட்டளையை வாங்கி ஓட்டற நிரல்) அதை எடுத்துட்டு தன்னோட பிராசஸ் எண்ணை அங்க வெச்சிடும். நீங்க நினைச்சது ஒண்ணு, கோப்புல ஏறினது வேற ஒண்ணு. பாஸ்வேர்ட் ஷெல் ஹிஸ்டரியிலயும் உட்கார்ந்திருக்கும். சின்ன பி-யை விட்டுட்டு, கட்டளை பாஸ்வேர்ட் கேட்கும்போது தட்டுங்க. அப்புறம் மைனஸ் வி (-v) போட்டா பொருந்துதா இல்லையான்னு பிரவுசரைத் தொடாமலே தெரிஞ்சிடும்.

எல்லாத்துக்கும் முன்னாடி அப்பாச்சியோட எரர் லாக்கைத் திறங்களேன்! மூணே மூணு எண். ஏஎச்01618 வந்தா அந்தப் பேர்ல ஆளே இல்லை. ஏஎச்01617 வந்தாதான் பாஸ்வேர்ட் நிஜமா தப்பு. ஏஎச்01620 வந்தா, பாஸ்வேர்ட் கோப்பையே சர்வரால திறக்க முடியல. பிரவுசர்ல பெட்டி வரும், சரியாத் தட்டினாலும் சர்வர் கோளாறுன்னு 500 அடிக்கும். இதுக்குப் போய் நாலு தடவை பாஸ்வேர்ட் மாத்தி என்ன ஆகப்போகுது?

இந்த மூணாவதுதான் வெறுப்பேத்தறது. கோப்புக்கு அனுமதி கொடுத்தாச்சுன்னு சத்தியம் பண்ணுவாங்க. கோப்புக்குக் கொடுத்தா போதுமா? மேல இருக்கிற ஒவ்வொரு டைரக்டரியிலயும் நுழையற அனுமதி வேணும். உபுண்டு 21.04-ல இருந்து புதுசா உருவாக்கற ஹோம் டைரக்டரி வெளியாளுக்கு இடமில்லாத 750 அனுமதியில வருது, அப்பாச்சி ஓடற கணக்கான டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா (www-data) அங்க கால் வைக்க முடியாது. உடனே எல்லாருக்கும் எல்லா அனுமதியும் தர்ற 777 அடிக்கிற மகானுபாவர்களே, கொஞ்சம் நில்லுங்க. கோப்பை இடிசி அப்பாச்சி2 (/etc/apache2) டைரக்டரிக்குக் கொண்டுபோங்க. உரிமையாளர் ரூட், குழு டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா, அனுமதி 640. அந்தக் கோப்பு எங்க இருக்குன்னு அப்பாச்சிக்குச் சொல்ற ஆத்யூசர்ஃபைல் (AuthUserFile) வரியில முழுப் பாதையைக் கொடுங்க. அரைப் பாதை கொடுத்தா அப்பாச்சி அதை சர்வர்ரூட்ல (தன்னோட அடிப்படை டைரக்டரி) இருந்துதான் தேடும், உங்க தளத்தோட டைரக்டரியில இல்ல. அப்பாச்சிக்குப் பதிலா என்ஜின்எக்ஸ் (nginx) சர்வர்னா கோப்பு அங்க இல்லாட்டி 403, படிக்க அனுமதி இல்லாட்டி 500.

பெட்டியே வராம தளம் திறந்து கிடக்குதா? அது இன்னும் ஆபத்து, ஆனா அதைப் பத்தி மட்டும் யாரும் புகார் பண்ண மாட்டாங்க! அப்பாச்சி 2.4-ல, எச்டிஆக்சஸ் (டைரக்டரிக்குள்ளயே வைக்கிற .htaccess அமைப்புக் கோப்பு) செல்லுமான்னு சொல்ற அலவ்ஓவர்ரைடை (AllowOverride) எழுதாம விட்டா 'நன்'தான் (None, செல்லாது). எச்டிஆக்சஸ்ல நீங்க எழுதினதை சர்வர் படிக்கக்கூட இல்லை, அலவ்ஓவர்ரைடுக்கு ஆத்கான்ஃபிக் (AuthConfig) கொடுங்க. பாஸ்வேர்ட் கேட்கிற ரெக்வயர் வேலிட்-யூசருக்குப் பக்கத்துலயே எல்லாரையும் விடற ரெக்வயர் ஆல் கிராண்டட் கிடந்தாலும் இதே கதைதான்; ரெண்டுல ஒண்ணு நிறைவேறினா உள்ளே விட்டுடும். 80-க்கான (http) வெர்ச்சுவல் ஹோஸ்ட்ல, அதாவது தளத்தோட அமைப்புப் பகுதியில, மட்டும் பூட்டு போட்டுட்டு 443-ஐ (https) மறந்தவங்களும் உண்டு.

பிரவுசரை நம்பியும் சோதிக்காதீங்க, பழைய பேரையும் பாஸ்வேர்டையும் அது ஞாபகம் வெச்சிருக்கும். கட்டளை வரியில பக்கத்தைக் கேட்கிற கர்ல்ல (curl) மைனஸ் யூ (-u) இல்லாம 401 (உள்ளே விடலை), அதோட பேரும் பாஸ்வேர்டும் கொடுத்தா 200 (சரி). அது வந்தாதான் முடிஞ்சுது.

முழுத் தளத்தையும் பூட்டின சூரர்களுக்கு ஒண்ணு. தளத்து டைரக்டரியில ஒரு சோதனைக் கோப்பு வைக்கிற வெப்ரூட் முறையில லெட்ஸ் என்கிரிப்ட்கிட்ட https சான்றிதழ் எடுக்கிறீங்கன்னா, அவங்க சர்வர் அந்தக் கோப்பைத் தேடி ஆக்மி சேலஞ்ச் (acme-challenge) பாதைக்கு வரும், 401 வாங்கிட்டுத் திரும்பிப் போகும், புதுப்பிப்பு தோத்துடும். அந்தப் பாதைக்கு மட்டும் தனி லொகேஷன் எழுதி ரெக்வயர் ஆல் கிராண்டட் போட்டுட்டு, அமைப்புல எழுத்துப் பிழை இருக்கான்னு கான்ஃபிக்டெஸ்ட் ஓட்டிட்டு, அப்புறம் ரீலோட் பண்ணுங்க.