போதும் இந்த ஜிகினாத் தூள்!

பிள்ளைகள் வாங்கிவர வேண்டிய கிராஃப்ட் பொருள் பட்டியலில் ஜிகினாத் தூளைச் சேர்ப்பவர்கள், அது தரையில் கொட்டியபின் ஒருமுறையாவது பெருக்கிப் பார்க்க வேண்டும். அலுமினியம் பூசிய பிளாஸ்டிக் படலத்தின் பொடி அது. விளக்குமாறு பட்டாலே பறக்கும். மின்விசிறி ஓடினால் சாப்பாட்டுத் தட்டு வரை வந்துவிடும். ஈரத்துணியில் துடைத்து அலசினால் நேரே சாக்கடைக்குத்தான். பிசைந்த கோதுமை மாவு உருண்டையால் ஒற்றி எடுப்பதே ஓரளவு உருப்படி. டைல்ஸ் இடுக்குக்கு செல்லோ டேப்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலேயே உதிரி பிளாஸ்டிக் ஜிகினா விற்பனைக்குத் தடை போட்டது. இங்கே வாய் முழுக்கத் திறக்கும் டப்பாவில் விற்கிறார்கள். பிள்ளை கவிழ்க்காமல் என்ன செய்யும்? மினுக்கு வேண்டுமென்றால் கிளிட்டர் பசை கேளுங்கள், காய்ந்தபின் அவ்வளவாக உதிராது. தூள்தான் என்றால் விசிறியை நிறுத்தி, தாம்பாளத்துக்குள் வைத்துச் செய்யட்டும். தூள் ஒட்டிய கையால் கண்ணைக் கசக்கினால் விழி கீறும்!